புதிதாக வருபவர்களின் கவனத்திற்கு

அந்த இணையதளத்தின் முதல் பக்கத்தைக் கால்நடை மருத்துவர் மூன்றாம் முறை படித்துப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தலை எது வால் எது என்று பிரித்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

‘எல்லைகளைத் தாண்டிச் சிந்திப்பவர்களுக்கான ஒருங்கிணைந்த தளம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே, மலை உச்சியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் படம். அவர் ஏன் அங்கே ஏறினார், இறங்க வழி தெரியுமா, அவருக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. அதற்கும் கீழே ‘உங்கள் பயணத்தைத் தொடங்குங்கள்’ என்று ஒரு பொத்தான்.

மருத்துவருக்குப் பயணம் போகிற உத்தேசமே கிடையாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாயையும் பூனையையும் கொண்டுவருகிறவர்கள் வீட்டிலிருந்தே கைப்பேசியில் டோக்கன் போட வேண்டும். யாருடைய முறை நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு, தங்கள் முறை நெருங்கும்போது உள்ளே வந்தால் போதும்.

காரணம் அவருடைய காத்திருப்பு அறை. ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாயும் மறுமுனையில் கூடைக்குள் ஒரு பூனையும் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை, கூடையின் மூடி கழன்றது. முன்மேசையில் இருக்கும் அம்மாள் மேசைமேலேயே ஏறி நிற்க வேண்டியதாயிற்று. நாய்க்காரரும் பூனைக்காரியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தால்கூட நியாயம். இரண்டு பேரும் சேர்ந்து மேசைமேல் நின்றவரைத் திட்டினார்கள்.

கதவை மூடுகிற நேரத்தில் அந்த அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“டாக்டரம்மா, கடிக்கிற வாய்க்கு உங்ககிட்ட ஊசி இருக்கு. கத்துற வாய்க்கு என்ன வச்சிருக்கீங்க? திங்கட்கிழமையும் இதே கூத்துன்னா நான் வரல. சொல்லிட்டேன்.”

அவர் வராவிட்டால் ஆஸ்பத்திரி நடக்காது. எந்த நாய்க்குத் தொப்பி போட்டவரைக் கண்டால் ஆகாது, எந்தப் பூனையை வாலுக்குப் பக்கத்தில் தொடக் கூடாது, எந்த வீட்டில் மருந்தை நாய்க்குப் பதில் மாமியார் சாப்பிட்டுவிட்டார் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள்தான் இருந்தது. “திங்கட்கிழமை எல்லாம் கைப்பேசியில வந்துடும்” என்று மருத்துவர் வாக்குக் கொடுத்துவிட்டார். எப்படி வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

“நம்ம வீட்டுலயே கம்பெனி இருக்கும்போது வெளியில ஏன் தேடற?” என்றார் கணவர். கம்பெனி அவருடைய தம்பியுடையது. யார் வேண்டுமானாலும் தங்களுக்கு வேண்டிய இணையச் செயலியைத் தாங்களே செய்துகொள்ளும் தளம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அட்டையில் ‘நிறுவனர்’ என்று இருக்கும். சட்டைப் பையின் மேலும் நூலால் தைத்திருக்கும். வீட்டில் முதலில் கிண்டலுக்காக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே பழகிவிட்டது. இப்போது பெற்ற தாயே குளியலறைக் கதவைத் தட்டி, “நிறுவனர் குளிச்சாச்சா?” என்றுதான் கேட்கிறார்.

சனிக்கிழமை மாலை மருத்துவர் அந்தப் பயணப் பொத்தானை அழுத்தினார். ‘நன்றி! உங்கள் சாவி விரைவில் வந்து சேரும்’ என்றது பக்கம். எதுவும் வந்து சேரவில்லை. கொழுந்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, உங்க பக்கத்தைப் பார்த்தேன்.”

“எப்படி இருக்கு அண்ணி? அந்த மலை?”

“மலை நல்லா இருக்கு. இது என்னது?”

“எது?”

“நீங்க விக்கிறது.”

மறுமுனையில் மூச்சு இழுத்துவிடும் சத்தம் கேட்டது. “அண்ணி, அதை ஒரு பொருள்னு பார்க்கக் கூடாது. அது ஒரு அனுபவம்.”

“அனுபவம் எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு. டோக்கன் போடுமா, போடாதா?”

“டோக்கனா? எங்க தளத்துல மாடு உட்கார்ந்தாக்கூட ஒரு ஆப் பண்ணிடும் அண்ணி!”

“மாட்டை எனக்குத் தெரியும் தம்பி. அது பண்ணாது.”

“நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க. உங்களுக்காக எல்லாரையும் வரச் சொல்றேன். பத்தே நிமிஷம்.”

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்வரை ரப்பர் நாற்றம், கதவைத் திறந்தால் செயற்கை எலுமிச்சை வாசனை. கண்ணாடி அறை ஒன்றுக்குச் ‘சிகரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குள் மேசை உண்டு, நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய பெரிய மூட்டைகள்தான் கிடந்தன. மருத்துவர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். சுவரில் ஒரு வரைபடம், இடது மூலையில் தரையோடு தொடங்கி வலது மூலையில் கூரையைத் தொட்டது. ‘பதிவு செய்தவர்கள்’ என்று அதற்குத் தலைப்பு.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருந்த ஊழியர்களில் இருவர்தான் அறைக்குள் நின்றார்கள். ஒருவர் கோட்டுப் போட்ட விற்பனைத் தலைவர். மற்றவர், தளத்தின் உதவிப் பக்கங்களை எழுதும் பெண். அவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘கையேடு’ என்று கூப்பிட்டார்கள். கையேட்டைப் போலவே அவரையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

விற்பனைத் தலைவர் திரையில் பூமி உருண்டையைக் காட்டினார். உருண்டை சுற்றியது. “விலங்கு நலத் துறையில் இது ஒரு பாய்ச்சல்” என்றார்.

மருத்துவர் கையைத் தூக்கினார். “இதை வச்சு என்னால என்னென்ன பண்ண முடியாது?”

நகைச்சுவை என்று நினைத்து விற்பனைத் தலைவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார்.

“நிஜமாத்தான் கேக்கறேன். ஒரு மருந்து வாங்கினா பெட்டிக்குள்ள சீட்டு இருக்கும். எதுக்கு, எவ்வளவு, யாருக்குக் கொடுக்கவே கூடாதுன்னு. குட்டி போட்ட பூனைக்குக் கொடுத்தா என்ன ஆகும்னு அதுல இல்லைன்னா நான் அந்த மருந்தைத் தொட மாட்டேன். உங்க சீட்டு எங்க?”

“அண்ணி, எங்க தளத்துக்குப் பக்க விளைவே கிடையாது” என்றார் நிறுவனர்.

“அப்போ விளைவும் இருக்காது.”

மூலையில் கையேடு இருமினார். இருமலுக்கு நடுவே சிரித்ததுபோல இருந்தது.

“சரி, இன்னொண்ணு. நாளைக்கு எனக்கு இது ஒத்துவரலைன்னா என் விவரங்களை எடுத்துக்கிட்டு எப்படி வெளிய போறது?”

நிறுவனர் நெஞ்சை நிமிர்த்தினார். தைத்த எழுத்துகளும் சேர்ந்து நிமிர்ந்தன. “இதுவரைக்கும் ஒருத்தர்கூட வெளிய போனதில்ல அண்ணி.”

இனி பேச்சில் பயனில்லை என்று மருத்துவர் பையிலிருந்து கணவரின் பழைய மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தார். “நானே பண்ணிப் பார்க்கறேன். பக்கத்துல நின்னாப் போதும்.”

தொடக்கப் பக்கத்தைத் திறந்தார். முதல் வரி: ‘உங்கள் சாவியை இட்டு உள்ளே செல்லவும்.’

“சாவின்னா?”

“ஒரு நீளமான எழுத்து வரிசை மேடம்” என்றார் கையேடு. “அது இருந்தாத்தான் தளம் உள்ள விடும்.”

“அது எங்க இருக்கும்?”

“உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும் மேடம்” என்றார் விற்பனைத் தலைவர். “எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கு.”

“இதுல என் வீட்டுக்காரர் சேர்த்து வச்ச கிரிக்கெட் படம்தான் இருக்கு.”

ஆளாளுக்குத் தங்கள் கணினியைத் திறந்து பார்த்தார்கள். எல்லோரிடமும் சாவி இருந்தது. எப்படி வந்தது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேசைமேல் கணினி இருந்தது, கணினிக்குள் சாவி இருந்தது. மின்விசிறிக்கு யார் கம்பி இழுத்தார்கள் என்று கேட்காததுபோல இதையும் யாரும் கேட்டதில்லை. அந்த அலுவலகத்தில் முதல் படியில் கால் வைத்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் இரண்டாவது படியில் பிறந்தவர்கள். அங்கே நின்றுகொண்டுதான் கீழே இருப்பவர்களை ‘ஏறி வாருங்கள்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்குப் போயா? என் சாவியைப் போடுங்க மேடம்” என்று விற்பனைத் தலைவர் பெருந்தன்மையோடு படித்துச் சொன்னார். மருத்துவர் எழுத்தெழுத்தாகத் தட்டினார். ‘இந்தச் சாவி வேறொரு கணினியில் உள்ளது. பாதுகாப்புக்காக இரண்டும் முடக்கப்படுகின்றன’ என்றது திரை. விற்பனைத் தலைவரின் திரையில் சுற்றிக்கொண்டிருந்த பூமி நின்றது. அதன் இடத்தில் மலைமேல் நின்றவர் கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

“நான் வெளிய வந்துட்டேன் போலிருக்கே!”

“நகருய்யா” என்றார் நிறுவனர். “என்னோடது தலைமைச் சாவி. அதுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.”

“தம்பி, யோசிச்சு...”

அவர் யோசிக்கிற வகை அல்ல. சில நொடிகளில் அவருடைய திரையிலும் மலை வந்துவிட்டது. தன் சொந்தக் கம்பெனியின் வாசலில் நிறுவனர் புதியவராக நின்று திருதிருவென்று விழித்தார்.

மருத்துவர் சுவரைப் பார்த்தார். “இத்தனை பேர் பதிவு பண்ணியிருக்காங்கன்னு போட்டிருக்கே. இவங்கெல்லாம் எப்படி உள்ள வந்தாங்க?”

“ஆயிரக்கணக்கானவங்க மேடம்” என்றார் விற்பனைத் தலைவர். குரலில் பழைய காற்று இல்லை. “எல்லாரும் இப்போ... மதிப்பீட்டு நிலையில இருக்காங்க.”

“எத்தனை நாளா மதிப்பிடறாங்க?”

“மொட்டை போனதுலேர்ந்து” என்றார் கையேடு.

விற்பனைத் தலைவர் அவரை முறைத்தார்.

“அதான் யாரும் வெளிய போகலையா தம்பி? உள்ள விட்டாத்தானே போறதுக்கு!”

மொட்டை என்பவர் கணினிகளைத் தயார் செய்து மேசைகளில் வைத்தவர். புதியவர்களுக்கான பக்கம் சரியில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ‘எதிர்மறை மனப்பான்மை’ என்று சொல்லி நிறுவனர் அவரை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த வாடிக்கையாளர்களும் சௌக்கியமாக இருந்தார்கள். எனவே கதவு பூட்டியிருப்பது உள்ளே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

“அவருக்கு ஒரு போன் போட்டா...” என்று கையேடு ஆரம்பித்தார்.

“முடியாது. அந்த ஆளைக் கூப்பிடறது கம்பெனிக் கொள்கைக்கே விரோதம்” என்றார் நிறுவனர்.

மருத்துவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு யோசித்தார். “மொட்டைன்னா... ஒரு காது மட்டும் மடிஞ்ச பழுப்பு நாய் வச்சிருப்பாரே, அவரா? காதுல சீழ் வந்து என்கிட்டத்தான் காட்டறார்.” பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசியில் எண்ணைத் தேடி ஒலிபெருக்கியில் போட்டார். நாய்க் காதுக்கும் கம்பெனிக் கொள்கைக்கும் சம்பந்தமில்லை அல்லவா?

“டாக்டர்! காது இப்போ பரவால்ல டாக்டர். சொட்டு மருந்து விடாம போட்டுட்டு வர்றேன்.”

“ரெண்டு காதுலயும்தானே?”

“ரெண்டுலயுமா? நல்ல காதுலயும் போடணுமா?”

“என்னங்க, போன தடவையே சொன்னேனே!”

“நீங்க ‘காதுல போடுங்க’ன்னுதான் சொன்னீங்க டாக்டர்.”

“ரெண்டுன்னு சொல்லியிருப்பேன். சரி, அதை விடுங்க. இந்தக் கம்பெனியில சாவி யார் கொடுக்கறது?”

மறுமுனையில் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது, நிற்பதாக இல்லை. நிறுவனர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முடிந்து ஒரு விக்கலும் முடிந்த பிறகு மொட்டை சொன்னார்: “யாராவது அந்தப் பொத்தானை அழுத்தினா என் மெயில் பெட்டிக்குத்தான் வரும் டாக்டர். நான் பார்த்து ஒவ்வொருத்தருக்கா கையால சாவி அனுப்புவேன். ஆரம்பத்துல தற்காலிகமா வச்ச ஏற்பாடு. மாத்துங்க மாத்துங்கன்னு கரடியாக் கத்தினேன். மலைப் படத்தை மாத்தத்தான் நேரம் இருந்துது.”

“இப்போ அந்தப் பெட்டி?”

“நான் கிளம்பின அன்னிக்கே பூட்டிட்டாங்க. நிறுவனரோட நேரடி உத்தரவு.”

எல்லோரும் நிறுவனரைப் பார்த்தார்கள். அவர் வாய்க்குள் ஏதோ சொல்லி மென்று முழுங்கினார். ‘பாதுகாப்பு’ என்பதுபோல ஒரு சொல் மட்டும் வெளியே வந்தது. எதிரியின் அறைக்குப் பூட்டுப் போடுவதாக நினைத்து, மனிதர் கம்பெனியின் வாசலுக்கே பூட்டுப் போட்டிருந்தார்.

பெட்டியை எப்படித் திறப்பது, அதிலிருந்து எப்படிச் சாவி அனுப்புவது என்று மொட்டை சொல்லச் சொல்லக் கையேடு செய்தார். திறந்ததும் வேண்டுகோள்கள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருந்தன. நேற்று மாலை மருத்துவர் அழுத்திய பொத்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அவருக்கு முதலில் சாவி போயிற்று.

“அடுத்தது எனக்கு” என்றார் நிறுவனர்.

“நீங்க இன்னும் பொத்தானை அழுத்தலையே சார்” என்றார் கையேடு. அவர் குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நிறுவனர் மூட்டை ஒன்றில் புதைந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சாவி விரைவில் வந்து சேரும் என்று அவருக்கும் நன்றி சொல்லப்பட்டது.

உள்ளே போன பிறகும் பத்து நிமிடம் என்பது வாயால் போட்ட பந்தல்தான். ‘உங்கள் மாதிரியை வடிவமைத்துக்கொண்டு மேலே செல்லவும்’ என்று இரண்டாவது படி சாதாரணமாகச் சொன்னது. குழந்தையைப் பெற்றுக்கொண்டு மேலே செல்லவும் என்பதுபோல. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

“எழுதினது நீங்கதானே? இதைப் படிச்சு யாருக்காவது புரியுமா?”

கையேடு கொஞ்சம் தயங்கினார். “நான் முதல்ல எழுதினது வேற மேடம்.” தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். மலை இல்லை, பயணம் இல்லை. இதை வைத்துப் பதிவு, வரிசை, நினைவூட்டல் ஆகியவற்றைச் செய்யலாம். படம் வரைய முடியாது. இணையம் இல்லாத இடத்தில் ஓடாது. முதலில் இந்தத் தயார் மாதிரியை எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். சிக்கினால் இந்த எண்ணில் ஓர் ஆள் பேசுவார். வேண்டாம் என்றால் உங்கள் விவரங்களை இப்படி எடுத்துக்கொண்டு போகலாம்.

“இதை ஏன் போடலை?”

“‘முடியாது’ங்கற வார்த்தை நம்ம பக்கத்துல வரவே கூடாதுன்னு சார் சொல்லிட்டார்.”

மருத்துவர் கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நாயைப் பார்க்கிற பார்வை. “போட்டுடும்மா” என்றார் மூட்டைக்குள்ளிருந்து நிறுவனர்.

தயார் மாதிரி முதல் தடவையிலேயே ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் ஒவ்வொன்றாக மாற்றினார். பெயர் என்று ஒரு கட்டம், என்ன விலங்கு, என்ன தொந்தரவு, பிறகு டோக்கன். கீழே ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டபோது மருத்துவரின் கைப்பேசியில் முதல் டோக்கன் வந்து நின்றது.

திங்கட்கிழமை காலை பெஞ்சில் ஒரே ஒரு கிளிக்கூண்டும் கிளிக்காரப் பெரியவரும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் வெளியே கார்களிலும் மர நிழலிலும் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார்கள். முன்மேசை அம்மாள் மேசைக்குப் பின்னால், நாற்காலியில் இருந்தார்.

முற்பகலில் நிறுவனர் வந்தார். ‘வெற்றிக் கதை’ என்று போட அவருக்கு ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. வெறுங்கையோடு நின்றால் நன்றாக இருக்காதென்று தாயாரின் பூனையைக் கூடையில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்.

“டோக்கன்?” என்றார் அம்மாள்.

“நான் இதோட நிறுவனர்ம்மா.”

“எதோட?”

“இந்தத் தளத்தோட. இந்த டோக்கன் எதுல வருதோ, அதோட.”

“சரிங்க. டோக்கன்?”

கைப்பேசியை எடுத்துத் தட்டினார். முதல் கட்டத்தில் ‘பெயர்’ என்று இருந்தது. அட்டையில் இருப்பதையே போட்டார். டோக்கன் வந்தது. சாவி மட்டும் இன்னும் வந்தபாடில்லை, அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வெளியே போய் வெயிலில் நின்றார். திரும்பி வந்து கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நிறுவனர்!” என்று அம்மாள் உரக்கக் கூப்பிட்டார். “நிறுவனர் யாருது? உள்ள தூக்கிட்டு வாங்க!”

கிளிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். “எந்த நாய்ங்க அது?”

“பூனைன்னு போட்டிருக்கு. தொந்தரவு, ஒண்ணுமில்லையாம்.”

நிறுவனர் கூடையோடு எழுந்தார். முகத்தில் அசடு வழிந்தது. உள்ளே போனதும் கூடையை மேசையில் வைத்துப் பொருமினார். “என்ன அண்ணி இது, அத்தனை பேர் முன்னாடி!”

“அங்க பூனையோட பேரைப் போடணும் தம்பி.”

“‘பெயர்’னு மட்டும்தான் இருக்கு. யாரோட பெயர்னு இல்லையே.”

“ஆஸ்பத்திரியில வேற யார் பேரைக் கேப்பாங்க? எல்லாருக்கும் தெரியுமே, இங்க பேர்னா...” மருத்துவர் பாதியில் நிறுத்தினார். எதிரே கொழுந்தனாரின் புருவம் மெல்ல மேலே போயிற்று. மடிந்த காதுள்ள ஒரு நாய் எங்கிருந்தோ வந்து மருத்துவரின் மனத்தில் உட்கார்ந்துகொண்டது.

கதவைத் திறந்து தலையை நீட்டினார். “காலையிலேர்ந்து எத்தனை பேர் சொந்தப் பேரைப் போட்டிருக்காங்க?”

“பாதிக்குப் பாதி டாக்டரம்மா. வக்கீல் ஒருத்தர் பேரையே சொல்லி, ‘அதோட வாலைத் தூக்கிப் பிடிங்க’ன்னுட்டேன், அவர் கோச்சுக்கிட்டார். நாய்ங்க சண்டை நின்னுது, பேரு சண்டை ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கும் இப்படின்னா...”

“இப்பவே மாத்தறேன். இங்கயே இருங்க, எங்கயும் போகாதீங்க.”

கையேட்டைக் கூப்பிட்டார். மணி அடித்தவுடன் ஓர் ஆள் எடுத்துப் பேசினார், பக்கத்தில் எழுதியிருந்தபடியே. சில நிமிடங்களில் அந்தக் கட்டத்தில் ‘உங்கள் விலங்கின் பெயர், உங்களுடையது அல்ல’ என்று வந்துவிட்டது. முன்மேசை அம்மாள் அதைக் கைப்பேசியில் படித்துப் பார்த்தார்.

“இதை முதல்லயே போட்டிருந்தா என் தொண்டை தப்பிச்சிருக்கும்” என்றார். “நாளைக்கு வர்றப்போ மாத்திரை ஏதாவது வாங்கிட்டு வரணும்.”

நாளைக்கு என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் மருத்துவருக்குப் பாதி உயிர் வந்தது. திரும்பினால், கொழுந்தனார் வெள்ளிக்கிழமையிலிருந்து தானே இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததுபோலப் புன்னகைத்துக்கொண்டு நின்றார்.

“சிரிக்காதீங்க தம்பி” என்றார் மருத்துவர். “பூனையைப் பிடிங்க.”